பெங்களூர் மழைக்கு அப்புறம் கரண்ட், தண்ணி, கேஸ் எல்லாம் எப்ப வரும், எப்படி போடணும்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

பெங்களூர்ல ஒவ்வொரு பெரிய மழைக்கு அப்புறமும் எனக்கு வர்ற போன் எல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கும். எங்க அபார்ட்மென்ட் சங்கத்துல கரண்ட், தண்ணி வேலைய நான் பாத்துக்குறதால ஈஜிபுரா, முருகேஷ்பாளையா, ஹொரமாவு, பெல்லந்தூர் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க அண்ணா இத பண்ணலாமா அத பண்ணலாமான்னு கேட்டுட்டே இருப்பாங்க. அவங்க கேட்டபடியே கேள்விய போட்டு பதில் எழுதியிருக்கேன். மழை கொட்டுற நேரத்துல எல்லாரும் பயந்து உஷாரா தான் இருக்கோம். தண்ணி வடிஞ்சதும் அவசரமா ஸ்விட்ச போடுறோம், மோட்டார ஓட்டுறோம், சம்ப்புக்குள்ள ஆள இறக்குறோம், எனக்கு பயமே அந்த நேரத்த பத்தி தான்.

வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டே இருக்கு, மெயின ஆஃப் பண்ணணுமா, அப்படியே விட்டுட்டு கிளம்பணுமா?

மெயின் போர்டு கிட்ட போற வழி காஞ்சிருந்து, உங்க கையும் காலும் ஈரம் இல்லாம இருந்தா உடனே ஆஃப் பண்ணுங்க. முதல்ல சின்ன எம்.சி.பி. (ஷார்ட் ஆனா தானா விழுற ஸ்விட்ச்) எல்லாத்தையும், அப்புறம் மெயின. யு.பி.எஸ். இருந்தா அதோட ஸ்விட்சையும் தனியா அணைக்கணும், நிறைய பேர் இத மறந்துடுறாங்க. மெயின அணைச்சாலும் பேட்டரி வீட்டு வயர்ல 230 வோல்ட்ட குடுத்துட்டே தான் இருக்கும். போகும்போது கேஸ் ரெகுலேட்டர மூடிடுங்க, பழைய கரண்ட் பில்லும் தண்ணி பில்லும் கைல எடுத்துக்கோங்க, அதுல இருக்குற ஆர்.ஆர். நம்பர், அதாவது உங்க கனெக்‌ஷனோட நம்பர், அப்புறம் தேவைப்படும்.

போர்டு கிட்ட போக தண்ணில நிக்கணும்னா தொடவே தொடாதீங்க, அது கணுக்கால் அளவு தண்ணியா இருந்தாலும் சரி. கரண்ட் கம்பெனி பெஸ்காமோட 1912-க்கு போன் பண்ணி ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் லைன நிறுத்தச் சொல்லிட்டு வெளிய வந்துடுங்க.

தெருவுல முழங்கால் தண்ணி, நடந்து போனா ஷாக் அடிக்குமா?

அடிக்கலாம். கம்பம், தெரு விளக்கு, பெட்டி மாதிரி நிக்குற ஃபீடர் பில்லர், கடை முன்னாடி தொங்குற போர்டு, இரும்பு கேட், எதையும் பிடிக்காதீங்க. 2022 செப்டம்பர் மழைல ஒயிட்ஃபீல்டு பக்கம் ஸ்கூட்டர் நின்னு போய், தண்ணில தள்ளிட்டு வந்த ஒரு சின்ன வயசு பொண்ணு தடுமாறி கம்பத்த பிடிச்சதுல உயிர் போயிடுச்சு. கால் வழுக்கும்போது கை தானா எதையாவது பிடிக்கத் தான் போகும், அதனால கம்பத்துல இருந்து தள்ளி, ரோட்டு நடுவுல நடக்குறது நல்லது. கால்ல சுர்ருன்னு ஏதாவது தெரிஞ்சா அடுத்த அடி வைக்காதீங்க, வந்த வழிலயே சின்ன சின்ன அடியா பின்னாடி வாங்க.

யாருக்கு போன் பண்றது? கன்னடம் எனக்கு சரியா வராது

கரண்டுக்கு பெஸ்காம் 1912. தண்ணிக்கும் பாதாள சாக்கடைக்கும் வாட்டர் போர்டு 1916. ரோட்டுல தேங்கின தண்ணி, விழுந்த மரம் இதெல்லாம் மாநகராட்சி 1533. கேஸ் லீக்குக்கு 1906. உயிருக்கு ஆபத்துன்னா யோசிக்காம 112. பெரிய மழை அன்னைக்கு 1912 லைன் கிடைக்கிறது கஷ்டம், பெஸ்காம் மித்ரா ஆப்ல புகார் போட்டா ஒரு நம்பராவது கைல இருக்கும்.

பாஷை பத்தி கவலைப்படாதீங்க, நாலு வாக்கியம் போதும். கரண்ட் போயிருந்தா "கரண்ட் ஹோகிதே". வயர் அறுந்து கிடந்தா "வயர் கட்டாகி கெளகெ பித்திதே". தண்ணில ஷாக் அடிச்சா "நீரல்லி கரண்ட் இதே, லைன் ஆஃப் மாடி". குழாய்ல தண்ணி வரலன்னா "நீரு பர்தா இல்லா". இதோட ஆர்.ஆர். நம்பர், பக்கத்துல இருக்குற கோயிலோ பேக்கரியோ ஒரு அடையாளம், முடிஞ்சா ட்ரான்ஸ்ஃபார்மர் மேல பெயின்ட்ல எழுதியிருக்குற நம்பர். இந்த கடைசி விஷயம் ரொம்ப உதவும், லைன்மேனுக்கு தெருப் பேர விட அந்த நம்பர் தான் சீக்கிரம் புரியும். மழை இல்லாத நாள்லயே போய் அத போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

எதிர் வீட்ல கரண்ட் வந்துடுச்சு, எங்களுக்கு மட்டும் ஏன் வரல? எங்கள மட்டும் கண்டுக்க மாட்டேங்குறாங்களா?

பெரும்பாலும் அப்படி இல்ல. சப்ஸ்டேஷன்ல இருந்து 11 கே.வி. (11000 வோல்ட்) பெரிய லைனா, அதாவது ஃபீடரா கிளம்பி, ட்ரான்ஸ்ஃபார்மருக்கு வந்து, அங்க இருந்து மூணு ஃபேஸா பிரிஞ்சு தான் தெருவுக்கு வருது. ஒரே தெருவுல இடது பக்கம் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், வலது பக்கம் வேற ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கலாம். ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரா இருந்தாலும் உங்க ஃபேஸ் ஃபியூஸ் மட்டும் போயிருக்கலாம், கம்பத்துல இருந்து உங்க வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயர் மட்டும் அறுந்திருக்கலாம்.

வேலையும் மேல இருந்து கீழ தான் நடக்கும். முதல்ல சப்ஸ்டேஷன், அப்புறம் ஃபீடர், அதுலயும் ஆஸ்பத்திரி, வாட்டர் போர்டு பம்ப் ஹவுஸ் இருக்குற லைன் முன்னாடி, அப்புறம் ட்ரான்ஸ்ஃபார்மர், கடைசியா தனித்தனி வீடு. ஃபீடர் சரியானதும் ஆயிரக்கணக்கான வீட்டுக்கு ஒரே நேரத்துல வந்துடும், அதோட பெஸ்காம் கணக்குல உங்க ஏரியா சரியாயிடுச்சு. அதனால தெருவுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரலன்னா பழைய புகார நம்பி உக்காராதீங்க, என் வீட்டுக்கு மட்டும் இல்லன்னு புதுசா ஒரு புகார் போடுங்க.

மழை நின்னு நாலு மணி நேரம் ஆச்சு, இன்னும் ஏன் கரண்ட் குடுக்க மாட்டேங்குறாங்க?

ரெண்டு காரணம். ஏப்ரல் மே மழைன்னா பெரும்பாலும் காத்துல மரம் சாய்ஞ்சு கம்பத்தையும் வயரையும் சேத்து இழுத்திருக்கும். மரத்த வெட்டி எடுக்குறது மாநகராட்சி ஆளுங்க, கம்பம் நடுறது பெஸ்காம் ஆளுங்க. மரம் நகராம கம்பம் நட முடியாது, அதனால 1912-க்கு மட்டும் போன் பண்ணிட்டு காத்திருக்காம 1533-க்கும் பண்ணுங்க.

ரெண்டாவது காரணம் தான் எல்லாரையும் கோவப்பட வைக்குது, அது அவங்களே வேணும்னு நிறுத்தி வைக்கிறது. தரைத்தளத்துலயும் பேஸ்மென்ட்லயும் தண்ணி நிக்குற வரைக்கும் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர ஆன் பண்ண மாட்டாங்க. 2024 அக்டோபர்ல எலஹங்கா கேந்திரிய விஹார்ல படகு விட்டு ஜனங்கள வெளிய கொண்டு வந்தாங்களே, அந்த மாதிரி இடத்துல எல்லாம் தண்ணி முழுசா இறங்காம லைன தொடவே முடியாது. மூணாவது மாடில இருக்குறவங்களுக்கு இது அநியாயமா தெரியும், எனக்கும் புரியுது, ஆனா கீழ வாட்ச்மேன் குடும்பம் அந்த தண்ணில தான் நிக்குது. தயவுசெஞ்சு லைன்மேன் கிட்ட சண்டை போட்டு ஆன் பண்ண வைக்காதீங்க.

பேஸ்மென்ட்ல தண்ணி நிக்குது, நம்ம மோட்டாரையே போட்டு எடுத்துடலாமா?

இந்த ஒரு பதிலயாவது முழுசா படிங்க. 2025 மே மாசம் பி.டி.எம். லேஅவுட்ல ஒரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல தண்ணிய மோட்டார் வச்சு எடுக்கப் போய் ரெண்டு பேர் ஷாக் அடிச்சு இறந்துட்டாங்க. ஒருத்தர் அந்த பில்டிங்ல குடியிருந்த 63 வயசு பெரியவர், இன்னொருத்தர் அங்க வேலை செஞ்சவரோட 12 வயசு பையன். நம்ம எல்லா பில்டிங்லயும் நடக்குறது தான் அங்கயும் நடந்துச்சு, தண்ணி நிக்குது, மோட்டார் இருக்கு, எடுத்துடலாம்னு இறங்கினாங்க.

மீட்டர் போர்டு பேஸ்மென்ட்ல இருந்து அது நனைஞ்சிருந்தா, பில்டிங்குக்கு வர்ற லைன் வெளியவே துண்டிக்கப்படாத வரைக்கும் யாரும் அந்த தண்ணில கால் வைக்கக் கூடாது. உள்ள இருக்குற மெயின் ஸ்விட்ச அணைச்சா போதும்னு நினைக்காதீங்க, மெயினுக்கு முன்னாடி இருக்குற கேபிள்ல கரண்ட் இருந்துட்டே தான் இருக்கும். பெஸ்காம் ஆள் வந்து வெளிய துண்டிச்சு, துண்டிச்சாச்சுன்னு நேரா உங்க கிட்ட சொல்லணும்.

தண்ணி எடுக்க டீசல் பம்ப் தான் நல்லது, வாடகைக்கு கிடைக்கும், தீயணைப்பு கிட்டயும் கேக்கலாம். பம்ப் வெளிய இருக்கணும், ஹோஸ் மட்டும் தான் உள்ள போகணும். இன்ஜின பேஸ்மென்ட்டுக்குள்ள இறக்கி ஓட்டினா அந்த புகைல இருக்குற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆள சாய்ச்சுடும். பக்கத்து பில்டிங்ல இருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து கரண்ட் பம்ப் போடுறதா இருந்தா, அந்த லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா அணைச்சுடுற ஸ்விட்ச்) இருக்கணும், ஜாயின்ட் எதுவும் தண்ணில படக் கூடாது, பம்ப் ஓடும்போது தண்ணில ஒருத்தரும் நிக்கக் கூடாது. இதுல ஒண்ணு இல்லன்னாலும் வேண்டாம். கார் நாசமானா இன்சூரன்ஸ் இருக்கு.

தண்ணி வடிஞ்சிடுச்சு, எம்.சி.பி. எல்லாம் ஹேர் டிரையர்ல காய வச்சு போட்டுக்கலாமா?

வேண்டாம். வெள்ளம் ஏறி இறங்கின ஒரு போர்ட கழட்டி பாத்திருந்தா இந்த கேள்விய கேக்க மாட்டீங்க. வெளிய துடைச்சா பளபளன்னு இருக்கும். உள்ள காபிப்பொடி மாதிரி மெல்லிசா சேறு படிஞ்சிருக்கும், செம்பு முனை ஓரமா பச்சை பூத்திருக்கும், ஸ்ப்ரிங் இடுக்குல சாக்கடை மண்ணு ஒட்டியிருக்கும். அப்படி ஒரு எம்.சி.பி. சாதாரண நாள்ல வேலை செய்யுற மாதிரியே இருக்கும், ஷார்ட் ஆகுற அன்னைக்கு தான் விழாம நிக்கும். எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., பிளக் பாயின்ட், ஸ்விட்ச், தண்ணில மூழ்கினது எல்லாத்தையும் மாத்திடுங்க. மாத்துற செலவு பெருசு இல்ல.

சுவத்துக்குள்ள போற வயர ஒவ்வொரு தடவையும் மாத்த வேண்டி வராது, ஆனா அந்த பைப்புக்குள்ள தண்ணி நாள் கணக்குல தேங்கி நிக்கும். சுவத்துல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு ஒரு கோடு தெரியும்ல, அந்த கோட்டுக்கு கீழ இருக்குற எல்லா பெட்டியையும் திறந்து வச்சு வடிய விடுங்க. மோட்டார், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் இதெல்லாம் வெயில்ல வச்சு காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் மெக்கானிக் பாக்காம பிளக்ல சொருகாதீங்க.

எலக்ட்ரீசியன் வந்து பாத்துட்டு ஓகேன்னு சொல்லிட்டாரு, போட்டுக்கலாம்ல?

கண்ணால பாத்தாரா, மெகர் வச்சு பாத்தாரான்னு கேளுங்க. மெகர்னா இன்சுலேஷன் டெஸ்ட் பண்ற மீட்டர், வீட்டு லைனுக்கு 500 வோல்ட் குடுத்து வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல எவ்வளவு கசியுதுன்னு காட்டும், ரீடிங் குறைஞ்சா கசிவு அதிகம்னு அர்த்தம். 1 மெகா ஓமுக்கு கீழ காட்டினா அந்த சர்க்யூட்டுக்கு கரண்ட் குடுக்கக் கூடாது, இன்னும் காயணும் இல்லன்னா மாத்தணும். டெஸ்டர வச்சு பல்பு எரியுதான்னு பாக்குறது டெஸ்ட் ஆகாது. லைசென்ஸ் இருக்குற கான்ட்ராக்டர கூப்பிட்டு, எந்த ரூமுக்கு எவ்வளவு ரீடிங்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க. எர்த் பிட்டையும் பாக்கச் சொல்லுங்க.

பெரிய அபார்ட்மென்ட்ல பேனல் ரூமே மூழ்கியிருந்தா இந்த ரிப்போர்ட் இல்லாம பெஸ்காம் ஆன் பண்ண மாட்டாங்க. அது நல்லது தான்.

கரண்ட் வந்தவுடனே டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் புகைஞ்சு போச்சு, ஏன்?

நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர், அறுந்திருக்கும், இல்ல லூசா இருந்திருக்கும். மரம் விழுந்து லைன அவசரமா ஒட்டுற நேரத்துல இது நடக்கும். நியூட்ரல் இல்லன்னா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல வீடு மாட்டிக்கும், 230 வர வேண்டிய இடத்துல 400 வரைக்கும் போகலாம்.

அதனால கரண்ட் போனதும் எல்லா பிளக்கையும் கழட்டி வைங்க. திரும்ப வந்ததும் ஒரே ஒரு பழைய குண்டு பல்ப மட்டும் போட்டு அஞ்சு நிமிஷம் பாருங்க. அளவுக்கு மீறி வெளிச்சமா இருந்தாலோ, மங்கி மங்கி பிரகாசமா ஆனாலோ உடனே மெயின ஆஃப் பண்ணிட்டு 1912. எல்.இ.டி. பல்பு இத காட்டாது, ஸ்டெபிலைசர்ல வோல்டேஜ் தெரிஞ்சா அத பாத்துக்கோங்க. 220ல இருந்து 250க்குள்ள இருந்தா ஒண்ணொண்ணா போடலாம்.

எங்க ஏரியால பெரிய மழையே இல்ல, காவேரி தண்ணி மட்டும் ஏன் மூணு நாளா வரல?

நம்ம காவேரி தண்ணி பெங்களூர்ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, மண்டியா மாவட்டம் டி.கே. ஹள்ளில இருந்து வருது. அங்க இருந்து ஹாரோஹள்ளி, தாதகுனின்னு படிப்படியா பம்ப் பண்ணி, கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் உயரம் ஏத்தி தான் ஊருக்குள்ள கொண்டு வர்றாங்க. கரண்ட் இல்லன்னா ஒரு சொட்டு வராது. 2022 செப்டம்பர் ஆரம்பத்துல ஒரே ராத்திரில ஊருக்குள்ள 130 மில்லிமீட்டருக்கு மேல கொட்டி பெல்லந்தூர், எமலூர், சர்ஜாபூர் ரோடெல்லாம் மூழ்கின அதே சமயம், டி.கே. ஹள்ளி பம்ப் ஹவுஸுக்குள்ளயும் வெள்ளம் புகுந்துடுச்சு. வெள்ளமே பாக்காத ஏரியால கூட அப்ப தண்ணி நின்னுச்சு. மும்பைல 2021 ஜூலைல பாண்டுப் சுத்திகரிப்பு நிலையத்துல வெள்ளம் புகுந்தப்பவும் இதே கதை தான், தண்ணி திரும்ப வந்த பிறகும் கொதிக்க வச்சு குடிங்கன்னு மாநகராட்சி சொல்லுச்சு.

பம்ப் ஓட ஆரம்பிச்சாலும் உடனே உங்க தெருவுக்கு வராது. முதல்ல பெரிய ரிசர்வாயர் நிறையணும், காலி பைப்புல இருக்குற காத்து வெளியேறணும், அப்புறம் வால்வ்மேன் முறை வச்சு ஏரியா ஏரியாவா திறப்பாரு. மேட்டுல இருக்குறவங்களுக்கும் லைனோட கடைசில இருக்குறவங்களுக்கும் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகும். சம்ப்ல இருக்குற தண்ணிய அந்த கணக்குல செலவு பண்ணுங்க.

தண்ணி வந்துடுச்சு, ஆனா கலங்கலா வருது, லேசா நாத்தமும் அடிக்குது, பரவால்லையா?

கலங்கல் மட்டும்னா பைப்புல படிஞ்ச மண்ணு கிளம்பி வருது, முதல் பத்து இருபது நிமிஷம் சம்ப்புக்கு விடாம வெளிய விடுங்க, தெளிஞ்சுடும். நாத்தம் வேற விஷயம். பைப் காலியா இருக்கும்போது பிரஷர் இருக்காது, பக்கத்துல ஓடுற சாக்கடைத் தண்ணி சின்ன சின்ன ஓட்டை வழியா உள்ள போயிடும். அப்படி நாத்தம் வந்தா சம்ப் வால்வ மூடிட்டு 1916ல சொல்லி சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க. பக்கத்து வீட்லயும் அதே நாத்தமான்னு கேட்டு ரெண்டு மூணு பேரா புகார் குடுத்தா சீக்கிரம் வருவாங்க.

அதுவரைக்கும் குடிக்க, சமைக்க, பல்லு தேய்க்க, குழந்தைக்கு பால் கலக்க எல்லாத்துக்கும் கொதிக்க வச்ச தண்ணி தான். தளதளன்னு கொதி வந்த பிறகு குறைஞ்சது ஒரு நிமிஷம் கொதிக்கணும். கலங்கலா இருந்தா தெளிய வச்சு, துணில வடிகட்டி அப்புறம் கொதிக்க வைங்க.

ஆர்.ஓ. மெஷின் இருக்கே, அப்ப கொதிக்க வைக்கணுமா?

வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு வாரமாவது, ஆமா. கலங்கல் தண்ணில ஃபில்டர் அடைச்சுக்கும், யு.வி. விளக்கு வெளிச்சம் அந்த தண்ணிய ஊடுருவாது, கரண்ட் இல்லன்னா விளக்கே எரியாது. தண்ணி சரியான பிறகு ஃபில்டர மாத்திட்டு பழையபடி குடிக்கலாம். டீசல், பெட்ரோல் வாசனை வந்தா மட்டும் கொதிக்க வச்சும் பிரயோஜனம் இல்ல, அந்த தண்ணிய கொட்டிடுங்க.

சம்ப்புக்குள்ள சாக்கடைத் தண்ணி போயிடுச்சு, பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்?

முதல்ல இருக்குற தண்ணிய முழுசா எடுத்துடணும், அது மேல பவுடர் தூவுறதுல அர்த்தமே இல்ல. அடில சேறு இருந்தா குளோரின அதுவே தின்னுடும். சேத்த எடுத்து, சுவத்த தேச்சு கழுவி, அப்புறம் நல்ல தண்ணி நிரப்பி தான் பவுடர் போடணும். 25 சதவீதம் குளோரின் இருக்குற பிளீச்சிங் பவுடர்னா 1000 லிட்டருக்கு சுமார் 200 கிராம். உங்க சம்ப் 10 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம்னு வைங்க, 300 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 8500 லிட்டர். அதுக்கு 1.7 கிலோ. பவுடர நேரா கொட்டாம பக்கெட்ல கரைச்சு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் ஊத்துங்க.

அந்த தண்ணிய மேல் டேங்குக்கும் ஏத்தி, வீட்ல எல்லா குழாயையும் குளோரின் வாசனை வர்ற வரைக்கும் திறந்து மூடுங்க, பைப்பும் சுத்தமாகணும்ல. ஆர்.ஓ. இன்லெட்ட மட்டும் மூடி வைங்க. 24 மணி நேரம் அப்படியே விட்டுட்டு முழுசா காலி பண்ணுங்க, அந்த தண்ணி குடிக்க இல்ல, டாய்லெட்டுக்கும் தரை கழுவவும் ஆகும். அப்புறம் புது தண்ணி நிரப்பி பயன்படுத்துங்க. பவுடர் ஓரமா வாங்கி வச்சு வருஷக்கணக்கு ஆச்சுன்னா குளோரின் போயிருக்கும், புதுசு வாங்குங்க. டாய்லெட் கழுவுற ஆசிட்டோட இத கலந்துடாதீங்க, விஷ வாயு வரும்.

சம்ப்ப கழுவ ஆள் இறங்குறாரு, பிரச்சனை இல்லையே?

நாள் கணக்குல மூடிக் கிடந்த சம்ப்ல சாக்கடை கலந்திருந்தா அது சம்ப் இல்ல, மேன்ஹோல் மாதிரி. உள்ள ஆக்சிஜன் இருக்காது, விஷ வாயு இருக்கலாம். எல்லா மூடியையும் திறந்து வச்சு, மேல இருந்தே தண்ணியையும் சேத்தையும் பம்ப்ல எடுத்து, ஃபேன் வச்சு நல்லா காத்து அடிச்ச பிறகும் தனியா ஒருத்தர இறக்காதீங்க, இடுப்புல கயிறு கட்டி மேல ரெண்டு பேர் நிக்கணும். உள்ள ஒருத்தர் மயங்கினா காப்பாத்தப் போறேன்னு அடுத்தவர் குதிக்கக் கூடாது, கயிற இழுங்க, 112-க்கு பண்ணுங்க. நிறைய இடத்துல ரெண்டாவது உயிர் அப்படித் தான் போகுது.

அபார்ட்மென்ட் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு தொட்டி), செப்டிக் டேங்க்னா பேச்சே இல்ல, ஆள இறக்கவே கூடாது, கையால மலம் அள்ளுறத தடை பண்ற 2013 சட்டப்படி பாதுகாப்பு கருவி இல்லாம செப்டிக் டேங்க்ல ஆள இறக்குறது குற்றம். ஆயிரம் ரூபாய்க்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டார்னு நம்ம வேலைய முடிச்சுக்கிறது பாவம். மெஷின் வண்டிய கூப்பிடுங்க, ஒரு நாள் லேட் ஆகட்டும்.

போர்வெல் மூழ்கிடுச்சு, மோட்டார் போச்சா?

உள்ள இருக்குற சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணிக்குள்ள இருக்கத் தான் செஞ்சிருக்காங்க, அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. மேல இருக்குற ஸ்டார்ட்டர் பேனலும் கேபிள் ஜாயின்ட்டும் தான் போயிருக்கும், அதுக்கு மெகர் பத்தி மேல சொன்னது அப்படியே பொருந்தும். கேசிங் (போர்வெல் குழாய்) வாய்க்கு மேல வெள்ளம் நின்னிருந்தா அழுக்கு உள்ள போயிருக்கும், குளோரின் போட்டு, நல்லா ஓட்டி வெளிய விட்டு, லேப்ல டெஸ்ட் பண்ணாம குடிக்காதீங்க.

டேங்கர் தண்ணி நம்பலாமா, என்ன ரேட் குடுக்கணும்?

2024 மார்ச் தட்டுப்பாட்டுல மாவட்ட நிர்வாகம் ரேட் கட்டுச்சு, 5 கிலோமீட்டருக்குள்ள 6000 லிட்டருக்கு 600, 12000 லிட்டருக்கு 1000. அது அந்த நேரத்துக்கு போட்டது, ஆனா பேரம் பேச ஒரு அளவா இருக்கும். தரத்துக்கு, குளோரோஸ்கோப்னு சின்ன டெஸ்ட் கிட் கிடைக்கும், ரெண்டு சொட்டு விட்டா மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் காட்டணும். இல்லன்னா குளிக்க துவைக்க மட்டும் வச்சுக்கோங்க.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வீட்டு பிளக்லயே சொருகினா எல்லா ரூமுக்கும் வந்துடும்னு சொல்றாங்க, சரியா?

தயவுசெஞ்சு பண்ணாதீங்க. சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (பெஸ்காம் லைன துண்டிச்சுட்டு ஜெனரேட்டருக்கு மாத்துறது) இல்லாம அப்படி குடுத்தா உங்க கரண்ட் மீட்டர தாண்டி பின்னாடி லைனுக்கு போகும், ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஏறி 11000 வோல்ட்டா மாறும். அங்க கம்பத்து மேல ஒரு லைன்மேன் லைன் ஆஃப்னு நம்பி வெறும் கையோட வேலை செஞ்சுட்டு இருப்பாரு. மழைல ராத்திரி பூரா நமக்காக நிக்குறவர நம்மளே கொல்றோம். ஒழுங்கான சேஞ்ச்ஓவர் வச்சு குடுங்க, முடியலன்னா ஃப்ரிட்ஜையும் ரெண்டு லைட்டையும் எக்ஸ்டென்ஷன்ல நேரா ஜெனரேட்டர்லயே போடுங்க. ஜெனரேட்டர் பால்கனிலயோ படிக்கட்டுலயோ வேண்டாம், புகை பத்தி பேஸ்மென்ட் பதில்ல சொல்லியிருக்கேன்.

மாடில சோலார் இருக்கு, அப்பவும் ஏன் இருட்டு?

பெஸ்காம் லைனோட சேந்த சோலார், லைன் போனா தானா நின்னுடும், மேல சொன்ன அதே லைன்மேன் பாதுகாப்புக்காக. ஆனா பகல்ல பேனல்ல இருந்து இன்வர்ட்டர் வரைக்கும் டி.சி. கரண்ட் வந்துட்டே இருக்கும். இன்வர்ட்டர் நனைஞ்சிருந்தா நீங்களே கழட்டாதீங்க.

லிஃப்ட், கேஸ், நெட் இதெல்லாம்?

லிஃப்ட்ட மழை ஆரம்பிச்சதுமே மேல் மாடில நிறுத்தி ஆஃப் பண்ணிடுங்க. லிஃப்ட்டுக்கு அடில இருக்குற குழில தண்ணி நின்னிருந்தா கம்பெனி ஆள் பாக்காம ஓட்டக் கூடாது. சிலிண்டர் மிதந்து முட்டியிருந்தா ரெகுலேட்டரும் ட்யூபும் மாத்துங்க. பைப் கேஸ்னா வெளி வால்வ மூடிட்டு கம்பெனிக்கு சொல்லுங்க, அவங்க வந்து டெஸ்ட் பண்ணி தான் திறக்கணும். கேஸ் வாசனை இருக்கும்போது எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. மொபைல் டவர்ல பேட்டரி சில மணி நேரம் தான், அதனால கால் போகலன்னா எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்க.

வாடகை வீடு, இந்த செலவெல்லாம் யாரோடது? நஷ்ட ஈடு கிடைக்குமா?

வயரிங், மோட்டார், சம்ப் எல்லாம் ஓனரோடது, உங்க பொருள் உங்களோடது. அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தா பாத்துக்கோங்க. எதையும் கழுவுறதுக்கு முன்னாடி போட்டோ, வீடியோ எடுங்க, சுவத்துல இருக்குற தண்ணிக் கோடு, மீட்டர் போர்டு, பொருளோட சீரியல் நம்பர் எல்லாம் தெரியணும். ஓனர் கிட்ட பேசவும் இன்சூரன்ஸுக்கும் அதே போட்டோ தான். கரண்ட் லேட்டானா நஷ்ட ஈடு கேக்குற உரிமை 2020 மின் நுகர்வோர் விதிகள்ல இருக்கு, ஆனா வெள்ளம், புயல் மாதிரி நேரத்துல விலக்கு கேப்பாங்க. மழை முடிஞ்சு ஊரே சரியான பிறகும் உங்களுக்கு மட்டும் வரலன்னா அந்த விதிப்படி நஷ்ட ஈடு கேளுங்க, அதுக்கு தான் புகார் நம்பர வச்சிருக்கச் சொல்றேன்.

வருஷா வருஷம் இதே கதை, மீட்டர் போர்டயே மேல மாத்த முடியாதா?

முடியும், இந்த கேள்விய எல்லாரும் கேக்கணும்னு ஆசைப்படுறேன். லைசென்ஸ் இருக்குற கான்ட்ராக்டர் மூலமா பெஸ்காம் சப்டிவிஷன் ஆபீஸ்ல விண்ணப்பம் குடுத்து, பேஸ்மென்ட்ல இருக்குற மீட்டரையும் மெயின் பேனலையும் தரைத்தளத்துக்கு, போன வெள்ளக் கோட்டுக்கு நல்லா மேல மாத்தலாம். பெரிய பில்டிங்னா மின் ஆய்வாளர் அனுமதியும் வேணும். அதோடயே சம்ப் மூடிய தரைல இருந்து ரெண்டு அடி உயர்த்தி கட்டுங்க, மோட்டார் ஸ்டார்ட்டர மேல ஏத்துங்க, பில்டிங் மொத்தத்துக்கும் வெளிய இருந்தே துண்டிக்கிற மாதிரி ஒரு ஸ்விட்ச் காம்பவுண்ட் சுவத்துகிட்ட உயரமா வைங்க. சங்கக் கூட்டத்துல பணம் இல்லன்னு சொல்லுவாங்க. போன மழைல டீசல் பம்ப் வாடகை, டேங்கர், லிஃப்ட் ரிப்பேருக்கு ஆன பில்ல எல்லாம் கூட்டி அந்த கூட்டத்துல வைங்க. விண்ணப்பம் ஜனவரி பிப்ரவரிலயே போகணும், ஏப்ரல்ல முதல் காத்து மழை வந்துடும், அதுக்கப்புறம் கான்ட்ராக்டர் யாரும் கைல கிடைக்க மாட்டாங்க.